புது கேமரா வாங்கி இரண்டு மாதம், இன்னும் ஃபோன் படமே நன்றாக இருக்கிறது. எங்கே தவறு?

செம்பூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தீபாவளி போனஸோடு கையில் இருந்ததையும் போட்டு ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். ஏபிஎஸ்-சி என்கிற நடுத்தர அளவு சென்சார் (படம் பதியும் சில்லு), கூடவே வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ், கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த ஒரு பை, ஒரு துடைக்கும் துணி, அவ்வளவுதான். சின்ன வயதில் ஊரில் எங்கள் பெரிய மாமா ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு வருகிறவர்களின் தாடையை இரண்டு விரலால் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புவார், நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்போது பிடித்த ஆசை. வேலை, மும்பை, வாடகை, கல்யாணம், குழந்தை என்று தள்ளிப்போய் 38 வயதில்தான் கைக்கு வந்திருக்கிறது.

வந்த பிறகு என்ன பிரச்சினை என்றால், என் மனைவி ஃபோனில் எடுக்கிற படங்கள் என் கேமரா படங்களைவிட நன்றாக இருக்கின்றன. இதை நான் சொல்லவில்லை, குடும்ப வாட்ஸாப் குழு சொல்கிறது.

இரண்டு உதாரணம். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், வெளிச்சம் அவ்வளவு அழகாக இருந்தது, ஓடிப்போய் கேமராவை எடுத்து வந்து எடுத்தேன். படத்தில் எதிர்க் கட்டடத்தில் காயும் துணியின் கிளிப் வரைக்கும் தெளிவாகத் தெரிகிறது. அம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே இருட்டு. அதே இடத்தில் நின்று மனைவி ஃபோனில் எடுத்தாள், முகமும் தெரிகிறது, ஜன்னலும் தெரிகிறது.

அடுத்தது மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சி. 340 படம் எடுத்தேன். முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்துப்போய், கைகள் இழுபட்டு, குழந்தைக்கு எட்டுக் கை இருப்பது போல வந்திருக்கிறது. ஒன்றுகூடத் தேறவில்லை. ஆசிரியைக்கு அனுப்பி வைக்கிறேன் என்று வேறு வாய் விட்டுவிட்டேன்.

இப்போது என் கேள்விகள். 50 எம்எம் எஃப் 1.8 வாங்கினால் சரியாகிவிடுமா? வார இறுதியில் நடக்கிற ஒரு வகுப்புக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள், சேரலாமா? ஆபீஸ் நண்பர் ஒருவர், எல்லாவற்றையும் கையாலேயே வைக்கிற மேனுவல் மோடில் எடுக்காதவன் கேமராவே வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறார், உண்மையா? அப்புறம் இங்கே சிவ்ரி கடலோரச் சேற்றுக்கு ஃபிளமிங்கோ பறவைகள் வந்திருக்கிறதாம், அதையும் எடுக்க ஆசை.

ஆறு52 லோக்கல்

வாங்க சார். 340 படத்தில் ஒன்றும் தேறவில்லை என்பது நல்ல ஆரம்பம், நான் என் தங்கை கல்யாணத்தில் 900 எடுத்து, லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்த இரண்டையும் சேர்த்து, அத்தனையையும் அழித்தவன்.

கேள்விக்குப் பதில் சொல்லும் முன்னால் அந்த இரண்டு படத்தின் விவரமும் வேண்டும். படத்தைத் திறந்து தகவல் என்று இருப்பதைத் தட்டினால் ஷட்டர் (எவ்வளவு நேரம் திறந்திருந்தது), அபர்ச்சர் (லென்ஸின் துவாரம், எஃப் எண் சின்னதானால் துவாரம் பெரிசு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது) மூன்றும் வரும், அதை அப்படியே இங்கே போடுங்கள். டாக்டரிடம் போய் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து எழுதுவார்?

சிவ்ரியை இப்போதைக்கு விடுங்கள். 55 எம்எம்மில் ஃபிளமிங்கோ எடுத்தால் சேற்றில் யாரோ ரோஸ் சாக்பீஸ் தூளைக் கொட்டியது மாதிரி வரும். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்க 300க்கு மேல் லென்ஸ் வேண்டும், வாடகைக்குக் கிடைக்கிறது. போகும்போது கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். தண்ணீர் ஏற ஏறத்தான் பறவைகள் கரைப் பக்கம் ஒதுங்கும், வற்றிக் கிடக்கும் நேரத்தில் போனால் அடிவானத்தில்தான் நிற்கும். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் நேராகப் போய்விடலாம் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

செம்பூர்க்காரன்

நன்றி. பார்த்தேன். அம்மா படம்: 1/640, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200. நடனப் படம்: 1/30, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 3200, கிட்டத்தட்ட எல்லாமே 55 எம்எம்மில். ஐஎஸ்ஓ 3200க்கு மேல் போனால் புள்ளி புள்ளியாக வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அதனால் அதற்கு மேல் ஏறாதபடி கேமராவில் பூட்டி வைத்திருந்தேன். மோட் டயல் ஏ-யில் இருந்தது, அதாவது அபர்ச்சர் நான் வைப்பது, ஷட்டரைக் கேமராவே வைத்துக்கொள்ளும்.

மாட்டுங்கா மாமி

தம்பி, உங்கள் கேமராவும் நன்றாக இருக்கிறது, லென்ஸும் நன்றாக இருக்கிறது. பைசா செலவழிக்காதீர்கள், முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள். நான் பாங்கில் 36 வருஷம் கணக்கு பார்த்தவள், ரிடையர் ஆன பிறகுதான் கேமராவைத் தொட்டேன், அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற ஒரு மீட்டர் இருக்கிறது. அதற்கு உங்கள் அம்மாவும் தெரியாது, மகளும் தெரியாது. எதிரே இருப்பதன் வெளிச்சத்தையெல்லாம் கூட்டிக் கலக்கினால் நடுத்தரமான ஒரு சாம்பல் நிறம் வர வேண்டும் என்று மட்டும் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், அந்தக் காலத்திலிருந்து 18 சதவீதச் சாம்பல் என்பார்கள். ஃபிரேமில் ஜன்னல் பெரிசாக இருந்தால், ஐயோ வெளிச்சம் அதிகம் என்று எல்லாவற்றையும் இருட்டாக்கும். அதனால்தான் வீட்டுக்குள்ளே 1/640 போயிருக்கிறது, ஜன்னல் சரியாக வந்தது, அம்மா இருட்டில் போனார். சபாவில் பின்னால் கறுப்புத் திரை, ஃபிரேமில் முக்கால்வாசி அதுதான். ஐயோ இருட்டு என்று எல்லாவற்றையும் வெளிச்சமாக்கும், அதற்காக ஷட்டரை 1/30 வரைக்கும் இழுத்திருக்கிறது. திரை சாம்பலாக வந்தது, குழந்தை முகம் வெளுத்தது, கை இழுபட்டது. பார்த்தால் இரண்டு தப்பு, அடிப்படையில் ஒரே தப்பு. முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்துகொள்கிற கேமராக்கள் இப்போது வருகின்றன, இருந்தாலும் இந்த இரண்டு இடத்திலும் முழுசாக நம்ப முடியாது.

நம்பவில்லையென்றால் நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். வெள்ளை வேட்டியைக் கட்டிலில் விரித்து ஃபிரேம் முழுக்க அது மட்டும் வருகிற மாதிரி ஒரு படம். அடுத்து, கறுப்புக் குடையை அதே மாதிரி ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேட்டி அழுக்குச் சாம்பல், குடையும் வெளிறிய சாம்பல். நான் முதலில் இதை இட்லியில் கண்டுபிடித்தேன். ஆறு மாசம் என் இட்லியெல்லாம் ஏதோ கேழ்வரகு இட்லி மாதிரி வந்துகொண்டிருந்தது, அரிசியை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன்.

இதற்கு மருந்து கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான், சிலதில் சக்கரம், எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்பார்கள். வெள்ளை நிறைய இருந்தால் கூட்டு, கறுப்பு நிறைய இருந்தால் கழி. மனசு எதிர்மாறாகத்தான் சொல்லும், வெள்ளைதானே, குறைக்கலாமே என்று தோன்றும், தோன்றட்டும். ஜன்னலோர அம்மாவுக்குக் கூட்டல் ஒன்றரையிலிருந்து இரண்டு. ஜன்னல் வெளுத்துப்போகும், போகட்டும், எதிர்வீட்டுக் கிளிப்பை யார் கேட்டார்கள்?

நடனத்துக்கு இப்படிக் கணக்குப் போடுங்கள். 3200 பூட்டைத் திறந்து 12,800 வரை விட்டால் வெளிச்சம் நாலு மடங்கு, 1/30 என்பது 1/120 ஆகிவிடும். கழித்தல் ஒன்று வைத்தால் அது பாதியாகக் குறைந்து 1/240, கேமராவில் 1/250 என்று காட்டும். முகமும் வெளுக்காது, கையும் நிற்கும். அதாவது அன்றைக்கு அதே ஹாலில், அதே லென்ஸில் படம் வந்திருக்கும். அடவு வேகமாகப் போகும்போது 1/250கூடப் பத்தாது, ஆனால் ஜதியை முடித்துவைக்கும் தீர்மானத்தின் கடைசியில் அரைநொடி அப்படியே நிற்பார்கள் பாருங்கள், அதற்குக் காத்திருந்து அமுக்குங்கள். தாளம் தெரிந்தவருக்கு இதில் வசதி அதிகம், மகளையே கேளுங்கள், எங்கே நிற்பாள் என்று சொல்லுவாள். புள்ளி பற்றிக் கவலை வேண்டாம், புள்ளியை அப்புறம் கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்ளலாம், இழுபட்ட கையைப் பிரம்மாவாலும் ஒட்ட முடியாது.

மேனுவல் பற்றி. உங்கள் நண்பர் மேனுவலில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மீட்டர் கோடு நடுவில் வந்து நிற்கும் வரை சக்கரத்தைத் திருப்புகிறாரா? அப்படியென்றால் கேமரா அரை நொடியில் செய்கிற அதே தப்பை அவர் பத்து நொடி எடுத்துக் கையால் செய்கிறார்.

ஆறு52 லோக்கல்

மாமி, அந்தக் கேழ்வரகு இட்லியை நான் திருடிக்கொள்கிறேன்.

ஃபோன் ஏன் நன்றாக வருகிறது என்பதையும் சொல்லிவிடலாம். நீங்கள் பொத்தானை ஒரு தடவைதான் தொடுகிறீர்கள், ஃபோன் அதற்குள் கூடுதலும் குறைச்சலுமாகப் பல படங்களை எடுத்து, ஜன்னலுக்கு ஒன்றிலிருந்து, முகத்துக்கு ஒன்றிலிருந்து என்று ஒட்டி, நிறத்தையும் தூக்கிக் கொடுக்கிறது. கேமரா ஒரே படம் எடுத்து, இந்தா, நீயே பார்த்துக்கொள் என்று கொடுத்துவிடுகிறது. ஹோட்டலில் போய்ச் சாப்பிடுவதற்கும் சந்தையில் காய்கறி வாங்கி வருவதற்கும் உள்ள வித்தியாசம். அதனால் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலாகவும் எடுத்து வையுங்கள், ஜேபெக்கோடு சேர்த்து இரண்டும் விழுகிற மாதிரி அமைப்பு இருக்கும். ராவில் அம்மா முகத்தை அந்த இருட்டிலிருந்துகூட ஓரளவு மீட்டிருக்கலாம்.

ஜிமிக்கி

எல்லோரும் லென்ஸ் வாங்காதே என்கிறீர்கள், நான் வாங்கச் சொல்கிறேன். கிட் லென்ஸ் 18இல் எஃப் 3.5 திறக்கும், 55க்குப் போனதும் 5.6 ஆகச் சுருங்கிவிடும், அங்கேயே வெளிச்சம் இரண்டரை மடங்கு போச்சு. 1.8 லென்ஸ் என்றால் 5.6ஐவிடப் பத்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெளிச்சம் உள்ளே வரும். மாமி சொன்ன 12,800க்கே போக வேண்டியிருக்காது.

இன்னொரு விஷயம், பின்னணி மங்குவது. ஃபோனில் போர்ட்ரெய்ட் மோட் என்று ஒன்று இருக்கிறதே, அது முகத்தைக் கத்தரித்து மீதியை மங்கலாக்குகிறது, கத்தரிக்கும்போது ஜிமிக்கியில் பாதியைத் தின்றுவிடும், தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் மழுக்கிவிடும். என் அக்காவின் வளைகாப்புப் படத்தில் ஒரு காதில் ஜிமிக்கி இருக்கும், மறு காதில் இருக்காது. 50 எஃப் 1.8இல் எடுத்துப் பாருங்கள், கண் இமை கூர்மையாக இருக்கும், காது மெல்லக் கரையும், பின்னால் இருக்கிற விளக்கெல்லாம் வட்ட வட்டமாக மிதக்கும். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குக் கேமரா வாங்கியதற்கே அர்த்தம் புரிந்தது. சந்தோஷம் கிடைத்தால்தானே பொழுதுபோக்கு, வேட்டியையும் குடையையும் எத்தனை நாள் எடுப்பார் மனுஷர்?

மாட்டுங்கா மாமி

ஜிமிக்கி சொல்வது வாஸ்தவம், நான் அந்த லென்ஸ் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் ஏபிஎஸ்-சியில் 50 என்பது 75 மாதிரி, இன்னும் குறுகலாகப் பார்க்கும். என் வீடு ஒன் ரூம் கிச்சன். பேத்தியின் முழு உருவம் வர வேண்டுமென்றால் நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து, சமையல் மேடை முதுகில் இடித்து, அதற்கும் மேல் ஒரு அடி வேண்டும். செம்பூரில் பெரிய வீடு என்றால் வாங்குங்கள். இல்லாவிட்டால் 35 எம்எம்தான் மும்பை வீட்டுக்கு அளவு, அது நம் கண் பார்ப்பது மாதிரியே இருக்கும்.

ஒரு மாசம் கிட் லென்ஸை 35இல் வைத்து, ஜூம் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த மாசம் 50இல் ஒட்டுங்கள். எதில் நிறைய எடுத்தீர்களோ அதை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை அம்மா ஜன்னலோரம் உட்காரும்போது நீங்கள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்று, அங்கிருந்து உள்ளே பார்த்து எடுங்கள். வெளிச்சம் முகத்தில் விழும், ஜன்னல் ஃபிரேமிலேயே வராது. கூட்டலும் வேண்டாம், கழித்தலும் வேண்டாம், இரண்டடி நடந்தால் போதும். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், பாங்க் புத்தி, கணக்கில் இறங்கிவிட்டேன்.

பழைய ரோல்

நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். சயான் கோலிவாடாவில் 40 வருடமாக இருக்கிறேன், ஃபிலிம் காலத்து ஆள். எல்லோரும் சொன்னது சரிதான், ஆனால் எடுப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், மும்பையில் கேமராவை உயிரோடு வைத்திருப்பது தனி வித்தை.

எனக்கு 85 எம்எம் லென்ஸ் ஒன்று இருந்தது. ஃபோர்ட்டில் போரா பஜாரில் பழைய கடையொன்றில் மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கினேன். அதைத் தோல் உறையில் போட்டு, பத்திரம் என்று நினைத்து இரும்பு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் திறக்கவில்லை. கணபதி வந்ததும் எடுத்தேன். வெளியே பளபளவென்று இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்ணாடிக்குள்ளே ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெள்ளை நூல்கள், கிளை கிளையாக, அரச இலையின் நரம்பு மாதிரி. பூஞ்சை. மேலே இருந்தால் துடைக்கலாம், இது உள்ளே இரண்டு கண்ணாடிக்கு நடுவில். பிரித்துச் சுத்தம் செய்தார்கள், நூல் போய்விட்டது, அது கண்ணாடியின் பூச்சை அரித்த தடம் போகவில்லை. தோல் உறைதான் பெரிய எதிரி என்று பிறகுதான் தெரிந்தது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஆகவே செம்பூர்க்காரரே, கடைக்காரர் கொடுத்த பையில் கேமராவைக் குடிவைக்காதீர்கள், பை வெளியே எடுத்துப் போவதற்கு மட்டும். காற்றுப் புகாத மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. ரொம்பவும் கீழே போனாலும் நல்லதல்ல, உள்ளே இருக்கும் ரப்பரும் எண்ணெயும் காய்ந்துவிடும். எல்லாவற்றையும்விட, அடிக்கடி வெளியே எடுத்து வெயில் வெளிச்சம் காட்டிப் படம் எடுங்கள், புழக்கத்தில் இருக்கிற லென்ஸில் பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் வராது. பழைய லென்ஸ் வாங்கப் போனால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள், நூல் தெரிந்தால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. ஏசி ரூமிலிருந்தோ ஏசி லோக்கலிலிருந்தோ இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க பனி படரும், மூக்குக்கண்ணாடியில் படருமே அதே மாதிரி. துடைக்காதீர்கள். பையை மூடியபடியே கால் மணி நேரம் வையுங்கள், வெளிச் சூட்டுக்கு அது பழகட்டும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டுவது மகா பாவம், ஈரம் நேராக சென்சாரில் போய் உட்காரும்.

வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 12,000 ரூபாய் கொடுத்தால் தப்பில்லை, ஆனால் நாலு பேரோடு சேர்ந்து தெருவில் நடந்து எடுக்கவைக்கிற வகுப்பா, ஏசி ரூமில் திரைபோட்டுக் காட்டுகிற வகுப்பா என்று விசாரியுங்கள். இரண்டாவது என்றால் வேண்டாம். அந்தப் பணத்துக்கு நரிமன் பாயிண்ட் என்சிபிஏ கலை மையத்தில் புகைப்படக் கண்காட்சிக்கென்றே இருக்கிற கேலரிக்கு ஆயுசு முழுக்கப் போய் வரலாம். சுவரில் மாட்டிய ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்று, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறது, எடுத்தவர் எங்கே நின்றிருப்பார், மண்டியிட்டாரா, ஏறி நின்றாரா என்று யோசித்துப் பாருங்கள், அதைவிடப் பெரிய வகுப்பு எனக்குத் தெரிந்து கிடையாது.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று சொல்லப்படும் ஹோமாய் வியாரவாலா நம் பம்பாயில் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர்தான், ஆரம்பத்தில் கூடப் படித்த பெண்களையும் ஊரையும் படம் எடுத்துப் பழகினார். அவர் கையில் இருந்த ரோலிஃப்ளெக்ஸில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம், ஜூம் கிடையாது, எடுத்ததும் பார்க்கத் திரை கிடையாது. நீங்கள் 340 எடுத்தீர்கள் என்றதும் இதுதான் ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாதர் மேற்கில் ஸ்டேஷனை ஒட்டிய பூ மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் போங்கள், குர்லாவில் மாறினால் ஆயிற்று. பன்னிரண்டு படம் என்று எண்ணி எடுங்கள், திரையை அணைத்து வையுங்கள். முதலில் அரைமணி நேரம் கேமரா இல்லாமல் நடங்கள், ஒரு டீ குடியுங்கள். பூ விற்கும் பெண்களிடம் ஒளிந்து நின்று எடுக்காதீர்கள், நேராகப் போய் மராத்தியில் "தாயி, ஃபோட்டோ காடூ கா" (அக்கா, ஃபோட்டோ எடுக்கட்டுமா) என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். சம்மதித்தால் முதல் படத்தில் விறைப்பாக நிற்பார்கள், இரண்டாவது படத்துக்குள் அவர்களுக்கு வியாபாரம் வந்துவிடும், உங்களை மறந்துவிடுவார்கள். படம் அதுதான்.

செம்பூர்க்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், மார்ச் மாதத்துக்கு முன்னால் ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லை.

வேட்டியும் குடையும் செய்து பார்த்தேன். அப்படியே மாமி சொன்னது மாதிரி, இரண்டும் ஒரே சாம்பல். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், எதற்கு வேட்டியைப் படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டாள், விளக்கினேன், போய்விட்டாள்.

தாதருக்குப் போனேன். ஐந்தே முக்காலுக்கு அங்கே இருந்தேன், அந்த நேரத்துக்கே தோள் இடிக்கிற கூட்டம். சாமந்தியைக் கோணியிலிருந்து கொட்டும்போது குபுக்கென்று ஒரு வாசம், ஊர்ப் பிள்ளையார் கோயில் ஞாபகம் வந்துவிட்டது, கேமராவை எடுக்கவே தோன்றவில்லை. மஞ்சள் பல்பு ஒரு பக்கம், வெள்ளை எல்ஈடி ஒரு பக்கம், மேலே வானம் நீலம், நிறம் எதைப் பார்த்து வைப்பது என்று குழம்பிப்போனேன். பன்னிரண்டு என்று போய் முப்பத்தொன்று எடுத்தேன், பழைய ரோல் சார் மன்னிக்கவும், அதில் முதல் ஒன்பது நேராகப் போய்க் கேட்கத் தைரியமில்லாமல் தூர நின்று எடுத்த முதுகுகள்.

பத்தாவதில் கேட்டேன். என் மராத்தியைக் கேட்டு அந்த அம்மாள் சிரித்துவிட்டு, தமிழா என்று கேட்டார்! விழுப்புரம் பக்கம், தாராவியில் முப்பது வருடமாம். மல்லிகையை நாரில் கட்டிக்கொண்டே பேசினார். அவர் விரல்களை எடுத்தேன், பூ முழுக்க வெள்ளை என்பதால் கூட்டல் ஒன்று வைத்தேன், பூ பூவாகவே வந்தது. கட்டைவிரல் நகத்தில் நார் உரசி உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, நேரில் பேசும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது. போர்வீரன் மாதிரி அந்த நகம். பிரிண்ட் போட்டு அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன், முகம் இல்லையே, விரலை மட்டும் எதற்கு எடுத்தாய் என்று கேட்டார். முகத்தையும் எடுத்துக் கொடுத்தேன்.

லென்ஸ் இன்னும் வாங்கவில்லை. 35இல் டேப் ஒட்டியிருக்கிறது.

ஜிமிக்கி

அந்த விரல் படத்தை 50இல் எடுத்திருந்தால் பின்னால் தெரிகிற நீல பிளாஸ்டிக் கூடை மறைந்திருக்கும் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. அழகான படம்.

ஆறு52 லோக்கல்

சொல்லிவிட்டீர்கள். அந்தக் கூடை இருப்பதால்தான் அது தாதர் என்று எனக்குத் தெரிகிறது.

நிறக் குழப்பத்துக்கு: ராவில் எடுத்தால் ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த விளக்கில் எது வெள்ளை என்கிற அமைப்பை, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இரண்டு விதமான பல்பு ஒரே முகத்தில் விழுந்தால் ராவும் கைவிட்டுவிடும். ஏதாவது ஒரு பல்புக்குக் கீழே நிற்பவரைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இன்னும் இருபது நிமிடம் டீ குடியுங்கள், வானம் ஜெயித்துவிடும்.

செம்பூர்க்காரன்

பழைய இழையைக் கிளறுகிறேன், ஜூன் வந்து மழை பிடித்து மூன்று நாள் ஆகிறது. டப்பாவில் வைத்த சிலிக்கா ஜெல் நீலமாக இருந்தது, இப்போது முழுக்க வெளிறிய ரோஸ் ஆகிவிட்டது, மீட்டர் 68 காட்டுகிறது. தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கணுமா? தோசைக்கல்லில் போட்டு வறுத்தால் திரும்ப நீலமாகும் என்று ஆபீஸில் ஒருவர் சொல்கிறார், அதே மேனுவல் மோட் நண்பர்தான்.

பழைய ரோல்

இந்த ஒரு விஷயத்தில் அவர் பாதி சரி. வறுத்தால் ஈரம் போய் நீலமாகும், பல தடவை செய்யலாம். ஆனால் தோசைக்கல்லில் வேண்டவே வேண்டாம், அந்த நீலத்துக்குக் கோபால்ட் உப்பு சேர்த்திருப்பார்கள், அது விஷம். சமையலுக்கு இனி எடுக்கவே போவதில்லை என்கிற பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்றில் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, சின்னத் தீயில் மெதுவாகக் கிளறுங்கள். துணிப் பையில் வந்த ஜெல் என்றால் பையைப் பிரித்துக் கொட்டிய பிறகு. ஆறிய உடனே டப்பாவில் போட்டு மூடுங்கள், இந்த மழையில் ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க வெளியே வைத்தீர்களென்றால் விடிவதற்குள் மறுபடி ரோஸ் ஆகியிருக்கும்.

மாட்டுங்கா மாமி

பாத்திரத்தின் மேல் பெயிண்டில் எழுதி வைத்துவிடுங்கள் தம்பி. அம்மா ஊருக்குப் போய்விட்டாரா, இன்னும் இருக்கிறாரா?

செம்பூர்க்காரன்

இருக்கிறார் மாமி. அந்தப் பாத்திரத்தைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார், ரசத்துக்கு.